களிமண் தூளை ஹாப்பரில் கொட்டாதீர்கள்: டர்பன் பிளாஸ்டிக் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு வணக்கம்.

பாலிப்ரொப்பிலீன் குருணையோடு நானோ களிமண் தூளைக் கிளறி, நேரே இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினின் ஹாப்பரில் (குருணை கொட்டும் வாயில்) போட்டு, வரும் பாகத்தை ‘நானோகாம்போசிட்’ (நானோ துகள் கலந்து வலுவேற்றிய பிளாஸ்டிக்) என்று விற்கும் பழக்கம் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் வட்டாரத்தில் பரவுகிறது. அதை நிறுத்துங்கள்.

நானோ களிமண்ணின் கனிமமான மான்ட்மோரில்லோனைட்டில் அடுக்கு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஒட்டிக்கிடக்கும் அடுக்குகள் பிரிந்தால்தான் 3 முதல் 5 சதவீதக் களிமண்ணிலேயே விறைப்பு ஏறும். பிரியாத கட்டி, விரிசல் பிறக்கும் இடம். வெறும் பாலிப்ரொப்பிலீன் தாங்கும் அடியைக்கூட அந்தப் பாகம் தாங்காது.

பாலிப்ரொப்பிலீனும் களிமண்ணும் தாமாக ஒட்டா. ஆகவே ஆர்கனோகிளே, அதாவது கரிம அமோனிய உப்பேற்றிய களிமண், வேண்டும். கூடவே இரண்டையும் ஒட்டவைக்க மலேயிக் அன்ஹைட்ரைட் சேர்ந்த பாலிப்ரொப்பிலீன், களிமண் எடைக்குச் சமமாகத் தொடங்கி மூன்று மடங்குவரை. அதற்கு மேல் போனால் பொருள் இளகிவிடும். ஒரே திசையில் சுழலும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (உருக்கிக் கலக்கித் தள்ளும் மெஷினில்), பாலிமர் உருகிய பிறகு பக்கவாட்டு ஃபீடர் வழியாகக் களிமண்ணைக் கொடுங்கள். பின்னால் நீடிங் பிளாக்குகள் (பிசைந்து பிரிக்கும் ஸ்க்ரூ பகுதிகள்), கடைசியில் வெற்றிட வென்ட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் வாய்).

சூடு ஏற்றினால் நன்றாகக் கலக்கும் என்ற நம்பிக்கைதான் பெரிய தொல்லை. நடப்பது நேர்மாறு. 200 டிகிரியை ஒட்டியே களிமண்ணில் ஏற்றிய அமோனிய உப்பு சிதையத் தொடங்கும்: மீன் வாடை அடிக்கும், நிறம் மஞ்சளாகும், திறந்த அடுக்குகள் மறுபடி மூடிக்கொள்ளும். உருகல் நீர்த்துப்போவதால் ஸ்க்ரூவின் பிய்க்கும் விசையும் குறையும். மின்வெட்டு அட்டவணை உள்ள நாளில், முன்கூட்டியே களிமண் ஃபீடரை நிறுத்தி, வெறும் பாலிப்ரொப்பிலீனால் பேரலை (ஸ்க்ரூ சுழலும் உருளையை)க் கழுவிவிடுங்கள்; உள்ளே வெந்து கிடந்த சரக்கை மறுநாள் கலந்தால் கரும்புள்ளிதான் வரும்.

பாலிப்ரொப்பிலீனுக்குப் பதில் நைலான் 6 என்றால், டர்பன் ஈரக்காற்றில் திறந்து வைத்த மூட்டையை நம்பவே வேண்டாம். 80 டிகிரியில் ஈரநீக்க உலர்த்தியில் சில மணி நேரம் உலர்த்திவிட்டே போடுங்கள்.

இரட்டை ஸ்க்ரூ வாங்க வசதியில்லையா? அடுக்குகள் நன்றாகப் பிரிக்கப்பட்ட மாஸ்டர்பேட்ச் (களிமண் அதிகமாக முன்கலந்த குருணை) வாங்குங்கள். 25 சதவீத ஆர்கனோகிளே உள்ளது 1 கிலோவுக்கு வெறும் பாலிப்ரொப்பிலீன் 4 கிலோ சேர்த்தால் 5 சதவீதம். எரித்துப் பார்த்தால் சாம்பல் 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதற்காக சப்ளையரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஆர்கனோகிளே எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோகும் கரிமப் பொருள். களிமண் எவ்வளவு என்று சாம்பல் சொல்லும், அடுக்கு பிரிந்ததா என்று சொல்லாது. எக்ஸ்ரே வரைபடத்தில் அடுக்கு இடைவெளியைக் காட்டும் உச்சி மறைந்தது மட்டும் சான்றாகாது. டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் கேளுங்கள்.

மூட்டை பிரிக்கும் இடத்தில் உறிஞ்சுகுழாய் வையுங்கள், தரையைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள். தூளில் நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா இருக்கக்கூடும். தொழிலாளி எவ்வளவு சுவாசிக்கிறார் என்று மதிப்பிடும் கடமையை 2021ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன ஒழுங்குவிதிகள் உங்கள்மீதே வைத்திருக்கின்றன.

இப்படிக்கு,
டர்பன் எக்ஸ்ட்ரூடர் லைன்களில் வேலை செய்யும் தமிழர்கள் சிலர்