பித்தப்பையை எடுத்தால் செலியாக் போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செலியாக் நோயும் (கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) பித்தப்பைப் பிரச்சினையும் சேர்ந்து இருக்கும் வாசகி ஒருவர், ஆப்பரேஷன் செய்துகொள்ளலாமா என்று சென்ற இதழின் மருத்துவர் பதில்கள் பகுதியில் கேட்டிருந்தார். 'பித்தப்பை இல்லாமலும் வாழலாம், தயங்காமல் எடுத்துவிடுங்கள், வயிற்றுத் தொல்லை எல்லாம் அதோடு தீர்ந்துவிடும்' என்று பதில் வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பித்தப்பை இல்லாமல் வாழலாம் என்பது சரி. எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? என் மூத்த மகளுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

கல்லூரியில் படிக்கும்போதே அவளுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஏறவில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு என்று நானும் விடவில்லை. சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கசடு இருக்கிறது, பை சரியாகச் சுருங்கவில்லை என்றார்கள். கல் இல்லை, காய்ச்சல் இல்லை, காமாலையும் இல்லை. லேப்ராஸ்கோபியில் எடுத்துவிட்டால் நிம்மதி என்றார்கள், எடுத்தோம். உப்புசம் அப்படியே இருந்தது, பேதி புதிதாகச் சேர்ந்துகொண்டது. பித்தம் இப்போது நேராகக் குடலில் இறங்குகிறது, சிலருக்கு அப்படித்தான் போகும், பழகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மருமகனுக்கு டெல்லிக்கு மாற்றலானது. அங்கே பார்த்த குடல் நோய் மருத்துவர் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு, முதலில் செலியாக்கா என்று பார்க்கும் டி.டி.ஜி. என்ற ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அது அதிகமாக வந்ததும் எண்டோஸ்கோபி செய்து, முன்சிறுகுடலில் திசு எடுத்துப் பார்த்தார். செலியாக். கோதுமை, பார்லி இரண்டையும் அடியோடு நிறுத்திய பிறகுதான் அவள் உடம்பில் ரத்தம் ஊறியது.

அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். நாம் சாப்பிட்ட கொழுப்பு முன்சிறுகுடலுக்கு வந்ததும், குடலின் உட்சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். சிகிச்சை எடுக்காத செலியாக்கில் க்ளூட்டனால் அந்த உட்சுவரே சிதைந்து கிடக்கிறது. ஹார்மோன் குறைகிறது, பித்தப்பை சோம்பிக் கிடக்கிறது, பித்தம் தேங்குகிறது. க்ளூட்டனை விட்டுக் குடல் ஆறும்போது பலருக்குப் பித்தப்பை மறுபடி ஒழுங்காக வேலை செய்கிறது. கல் இல்லாமல், பை சுருங்கவில்லை என்பதற்காக மட்டும் எடுக்கச் சொன்னால், குடல் ஆறும்வரை பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்க ஒரு செலியாக் நோயாளிக்கு உரிமை உண்டு. என் மகளுக்கு அப்படிக் கேட்கலாம் என்று சொல்ல ஆளில்லை. உங்கள் வாசகிக்குச் சொல்ல உங்கள் பத்திரிகை இருந்தது.

நான் ஆப்பரேஷனுக்கு எதிரி இல்லை. மகளுக்கு வந்ததால் ரத்த சொந்தங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பார்த்ததில் என் மகனுக்கும் செலியாக். அவனுக்குப் பித்தப்பையில் உண்மையாகவே கற்கள் இருந்தன. நடுராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலி தோள்பட்டை வரை ஏறும். கோதுமையை விட்டால் கல் கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பித் தள்ளிப்போட்டான். உருவாகிவிட்ட கல் அதற்கெல்லாம் கரையாது. வலியோடு காய்ச்சலும் சேர்ந்தபோது ஓடினோம். அவனுக்கு எடுத்தது சரியான முடிவு, இப்போது நன்றாக இருக்கிறான். ஆகவே எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. தொந்தரவே தராத கல்லைப் பெரும்பாலும் சும்மா விடலாம். வலி வந்து வந்து போகும் கல்லை எடுக்கத்தான் வேண்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வலி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்த வாசகிக்குக் கல்லா, கசடா, வலி எப்போது வருகிறது, கோதுமையை நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிறது, டி.டி.ஜி. இறங்கியதா? ஒன்றையும் கேட்காமல் எடுத்துவிடுங்கள் என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

ஆப்பரேஷன் முடிந்த பின் நடந்ததையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மகனின் கேஸ் ஷீட்டில் செலியாக் என்று எழுதியிருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் காலை வந்த தட்டில் பால் பிரெட் இரண்டு துண்டு, ரஸ்க், ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ். ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும்தானே இருக்கிறது என்றேன். 'லைட் டயட்தாம்மா, ஒண்ணும் பண்ணாது' என்று வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஜெராக்ஸ் தாளில் ரவைக்கஞ்சி, கோதுமைக்கஞ்சி, சேமியா. மாத்திரையில் சேர்க்கும் மாவு எந்த மாவு என்று கேட்டால் மருந்துக்கடைப் பையனிலிருந்து நர்ஸ் வரை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

மருத்துவமனையை மட்டும் நான் குறை சொல்லவில்லை, ஐயா. என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை உங்களுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன். சிறிது காலம் முன்பு 'க்ளூட்டன் ஃப்ரீ சமையல்' என்று இணைப்பு கொடுத்தீர்கள். ஆசையாகப் பிரித்தேன். அதில் சம்பா ரவைக் கிச்சடி! சம்பா கோதுமையும் கோதுமைதான் என்பது தாங்கள் அறியாததா? போதாததற்குக் குறிப்புக்குக் குறிப்பு பெருங்காயத்தூள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் பாக்கெட்டில் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. பத்திரிகைக்கு அந்த அக்கறை வேண்டாமா? அப்போதே கடிதம் எழுதினேன். வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை.

அதற்கும் முன்பு, எடை குறையக் கோதுமையை நிறுத்துங்கள் என்று அட்டைப்படக் கட்டுரை. பரிசோதனை செய்யாமல் நிறுத்திவிட்டால் ரத்தத்திலும் தெரியாது, குடல் திசுவிலும் தெரியாது, அப்புறம் நோயைக் கண்டுபிடிப்பதே சிரமம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இன்னொரு இதழில் செலியாக் வடநாட்டு நோய், நமக்குக் கவலையில்லை என்று எழுதினீர்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி வடக்கே ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, தெற்கே வேலூரில் ஆயிரத்தில் ஒருவருக்கு. குறைவுதான். ஆனால் ஏழு கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் அந்தக் கணக்கே 70 ஆயிரம் பேர் ஆகிறது. எங்கள் வீட்டில் இருவர். அவர்களைப் பார்த்து நமக்குக் கவலையில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பகுதியில், ஒரு திருத்தம் போடுங்கள். பித்தப்பையை எடுப்பது செலியாக்குக்கு வைத்தியமில்லை, எடுத்தாலும் ஆயுளுக்கும் க்ளூட்டன் இல்லாத உணவுதான் என்று அதில் இருக்கட்டும். அவசர அறிகுறி எதுவும் இல்லையென்றால் குடல் மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யும்படி அந்த வாசகிக்குச் சொல்லுங்கள். சமையல் பக்கத்தில் 'மைதா கலக்காத பெருங்காயம்' என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. திருத்தம் மட்டும் அந்த அம்மா ஆப்பரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குள் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.