தம்பிக்கு: இந்த ஒரு விளையாட்டை விளையாடிப் பார்

தம்பி,

அப்பாவின் முதல் திவசத்துக்கும் நீ வரப்போவதில்லை என்று சித்தி சொன்னார். சரி. இதை நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனை எடுக்காதவனுக்கு அக்கா வேறு எங்கே எழுதுவது?

நீ விட்டுப்போன லேப்டாப்பில் 'டிஸ்கோ எலிசியம்' விளையாடி முடித்தேன். எஸ்டோனியாக்காரர்கள் செய்தது, 2019இல் வந்தது. உனக்குப் பிடித்த வெட்டுக்குத்து கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு போலீஸ்காரன், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் ஒரு பிணம், மற்றதெல்லாம் பேச்சு. அவன் மண்டைக்குள் 24 குணங்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கின்றன, பாதி உதவாதவை. பகடையில் தோற்றாலும் பெரும்பாலும் கதை நிற்பதில்லை, வேறு பக்கம் திரும்புகிறது. உடம்புக்குப் போலவே மனத்தெம்புக்கும் ஓர் அளவு உண்டு. அது தீர்ந்தாலும் ஆட்டம் முடிந்தது. யாரும் அடிக்க வேண்டாம், ஒரு பேச்சு போதும்.

அங்கேதான் எனக்கு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நம் தோட்டத்துப் பெரட்டுக்களம் ஞாபகம் வந்தது. 2018 டிசம்பரில் தேயிலைத் தோட்டங்களில் நாளுக்கு 1000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம். ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 என்று கையெழுத்தானது. மறுநாள் காலை பனிகூட விலகவில்லை. அத்தனை பேர் முன்னால் நீ தோட்டத்துச் சங்கத் தலைவரிடம், நம் அப்பாவிடம், கேட்டாய்: "மிச்சம் 300 யார் பையில?" அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், நம் டிவிசன் ஆட்களும் படிக்கிறார்கள். ஒப்பந்தம் கொழும்பில் நடந்தது, அப்பாவே ரேடியோவில்தான் கேட்டார். தெரிந்துதானே கேட்டாய்?

இந்த விளையாட்டிலும் ஒரு வேலைநிறுத்தம், துறைமுகத்தில். சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேர் ஒரு கண்டெய்னருக்குள் உட்கார்ந்திருப்பார். வருகிறவனுக்கு உட்காரவே முடியாத ஒரு நாற்காலி. சிரித்துக்கொண்டே தன் வேலையை வாங்கிவிடுவார். திருட்டு ஆள்தான். ஆனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிர்வாகத்தில் இடம் வேண்டும் என்று அவர் கேட்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே அவர் பக்கம் நின்றேன். நீ சின்ன வயதிலிருந்தே ஆளை ஹீரோ, வில்லன் என்று பிரித்தே பழகியவன். அப்பா சந்தாவில் ஒரு சதம் தொட்டதில்லை. மேலிடத்தைக் கேள்வி கேட்டதும் இல்லை. அவரை எதில் சேர்ப்பாய்?

கூட வரும் கிம் கிட்சுராகி என்ற அதிகாரியை உனக்குப் பிடிக்கும். அந்தப் போலீஸ்காரன் எவ்வளவு உளறினாலும் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே நிற்பார். ஓஎல் பரீட்சை ரிசல்ட்டை வீட்டில் சொல்லப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டு லயத்து வீடுகள் வரை நடந்தாயே, அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். ஹட்டன் பஸ் தினமும் ஓடுகிறது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆங்கிலம் நிறைய, பத்து லட்சம் சொற்களுக்கு மேல். நானே அகராதியோடுதான் உட்கார்ந்தேன். முதல் அறையில் மின்விசிறியில் தொங்கும் டையை அவசரப்பட்டு இழுக்காதே, உடல்தெம்பு குறைவாக இருந்தால் மாரடைப்பில் செத்தும் போகலாம். பாஸ்வேர்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எவ்ரார்டைப் பார்த்த பிறகு என்ன தோன்றியது என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அக்கா