கார்பன்னதும் நீ கேட்ட கேள்வி

டேய் மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறுறன்னு கேட்டு சந்தோஷம்டா, அதுக்காக ஸ்கூட்டர எடுத்துட்டு மார்க்கெட் கெளம்புறதெல்லாம் ஓவர், தங்கச்சிகிட்ட சாவிய ஒளிச்சு வெக்கச் சொல்லிட்டேன். இங்க மஸ்கட்ல வெயில் ஆரம்பிச்சாச்சு, இனி அக்டோபர் வரைக்கும் ஃபீல்டு கெடையாது, ஏசி ரூம்ல மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து, மெல்லிசா தேச்ச கல்லு ஸ்லைடு பாக்குறதுதான் பொழப்பு.

மூணாவது மெசேஜ்ல கேட்ட பாரு, சுண்ணாம்புக்கல்லுக்கு கார்பன் டேட்டிங் பண்றியாமே, அது 50,000 வருஷத்துக்கு மேல போகாதுன்னு என் பொண்ணு சொல்றாளேன்னு. பொண்ணு சொன்னது சரிதான். அது கார்பன்-14, 5,730 வருஷத்துக்கு ஒருதடவ பாதியாகுற சரக்கு, நான் பாக்குற கல்லு 12 கோடி வருஷத்துக் கல்லு, அதுல ஒரு அணு கூட மிஞ்சாது. நான் பாக்குறது செதையாத ரெண்டு கார்பன், 12ம் 13ம். நூத்துல 99 பங்கு 12, மிச்ச ஒன்னு 13. இதுல கடிகாரமே கெடையாதுடா, எதுவும் ஓடல, அப்ப வயசு எங்கருந்து வருதுன்னா, அதான் வேடிக்கை.

செடி கொடி பாசிக்கெல்லாம் லேசான 12தான் இஷ்டம். அதுங்க செத்து கடலடிச் சேத்துல மக்காம பொதைஞ்சா 12 பூரா உள்ள போயிடும், தண்ணில 13ஓட பங்கு ஏறும், அந்தத் தண்ணில உண்டாகுற சுண்ணாம்பும் கொஞ்சம் கனமா வரும். கடல் ஒன்னோட ஒன்னு கலக்குறதால இந்த ஏத்தம் எறக்கம் ஒலகம் பூரா ஒரே நேரத்துல பதிஞ்சிருக்கும், வயசு தெரிஞ்ச கல்லுல இருக்குற ஏத்தத்தோட நம்ம கல்ல பொருத்துனா வயசு வந்துடும். 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒன்னு பெருசா நடந்துச்சு, கடல்ல பல எடத்துல ஆக்சிஜன் கொறஞ்சு இத்தாலில கருப்பா ஒரு படிவு விழுந்துச்சு, அதுக்கு செல்லி லெவல்னு பேரு, பசிபிக்ல ஒன்டாங் ஜாவான்ற எடத்துல கக்குன எரிமலைக்கொழம்புதான் காரணம்னு பலபேர் சொல்றாங்க. அடுக்கு அடுக்கா 13ஓட பங்க கிராஃப் போட்டா வர்ற கார்பன் கோடு மொதல்ல ஒரு குழி விழுந்து அப்புறம் ஆயிரத்துக்கு 4 வரைக்கும் ஏறுது. எதோட ஒப்பிட்டு ஆயிரத்துக்குன்னு கேப்ப. நாம பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துல பொறுக்குன பெலம்னைட் குச்சி (கணவாய் மீனுக்குச் சொந்தக்கார ஜீவன் ஒன்னோட கல்லாப்போன உள்கூடு) ஞாபகம் இருக்கா, சவுத் கரோலினாவுல கெடச்ச அதே மாதிரி ஒரு குச்சிதான் ஒலகத்துக்கே இதுல ஜீரோ. அசல் எப்பவோ தீந்துபோச்சு, பேரு மட்டும் நிக்குது.

அம்மோனைட், அதான் அந்தச் சுருள் ஓட்டு ஃபாசில், ஒன்னு பாத்தா கல்லோட வயசு சொல்லப் போதும்னு நமக்குச் சொல்லிக்குடுத்தாங்களேன்னு கேக்குற. காரைல போதும்டா, அது கொஞ்சம் ஆழமான கடல்ல படிஞ்ச களிமண்ணு, அம்மோனைட் கொட்டிக் கெடக்கும். கல்லக்குடி மாதிரி பவளமும் பாசியுமா இருக்குற ஆழமில்லாத கடல் கல்லுல போய் அத தேடிப் பாரு. இங்க ஓமன்ல ஜெபல் அக்தர் மலைப் பக்கமும் அந்தக் கததான், முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணின்னு இருந்த எடத்துக்கு அம்மோனைட் வரவே வராது, ஆழ்கடல்ல மெதக்குற ஃபொராமினிஃபெராவும் (ஓடு கட்டிக்கிற ஒரே செல் ஜீவன்) அபூர்வம். இருக்குறதெல்லாம் தரையோட கெடந்த ஜீவன்க, அதுங்களுக்கு எடந்தான் முக்கியம், தண்ணி கொஞ்சம் கலங்குனா காணாம போயிடும், காலம் மாறிச்சா எடம் மாறிச்சான்னே தெரியாது. அதனாலதான் கார்பன் கோட்ட புடிச்சோம். அது நடக்கும்னு எனக்கு நம்பிக்கை குடுத்தது பசிபிக் நடுவுல முழுகிக் கெடக்குற ஒரு மலை, ரெசல்யூஷன் கையாட். தலையே 1,300 மீட்டருக்கும் கீழ இருக்கு, 1992ல கப்பல்ல போய் தொளச்சா 1,600 மீட்டருக்கு மேல சுண்ணாம்புக்கல்லு, எல்லாமே ஒருகாலத்துல ஆழமில்லாத தண்ணில படிஞ்சது, தீவு எறங்க எறங்க சுண்ணாம்பு மேல வளந்துகிட்டே இருந்திருக்கு. அதோட கோட்ட ஜென்கின்ஸ்னு ஒரு ஜியாலஜிஸ்ட் 1995ல ஐரோப்பாவோட ஆழ்கடல் கோட்டோட வெச்சுப் பாத்தாரு, அந்த ஏத்தம் ஒத்துவந்துச்சு.

இப்ப என் மானம் போன கதைய கேளு. போன வருஷம் ஒரு வாதில (இங்க காஞ்ச ஆத்துப் பள்ளத்தாக்குக்கு அதான் பேரு) அரை மீட்டருக்கு ஒரு கல்லுன்னு எடுத்தோம், பல் டாக்டர் வெச்சிருக்குற மாதிரி ட்ரில்ல நைஸ் பொடியா எடுத்து (சிப்பி, வெள்ளை நரம்பு எதுவும் கலக்காம எடுக்கணும், கண்ணு போயிடும்) லேப்க்கு அனுப்புனோம், அவங்க பாஸ்பாரிக் ஆசிட்ல போட்டு வர்ற வாயுவ மெஷின்ல விட்டு நம்பர் குடுப்பாங்க. பிளாட் பண்ணா அழகா ஒரு குழி, கோடு ஆயிரத்துக்கு 3 கீழ எறங்கி நிக்குது. அந்தப் பேர்போன குழியேதான்னு நானே முடிவு பண்ணி, ஸ்லைடு ரெடியாகுறதுக்குள்ள ரிப்போர்ட்டும் எழுதி எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஸ்லைடு வந்துச்சு. குழி இருந்த எடத்துல பாத்தா வேர் போன தடம், கருத்துப்போன சின்னச் சின்ன கல்லு. கடல் பின்வாங்கி அது கொஞ்சகாலம் தரையா இருந்திருக்குடா! மண்ணுல மக்குன செடியோட லேசான கார்பன மழைத்தண்ணி உள்ள எறக்கி கல்லையே மாத்திடுச்சு. அப்புறம் நம்பர திரும்பப் பாத்தா, அந்த தரைய நோக்கி மேல போகப்போக லேசாகிட்டே வந்து தரைக்கு மேல டக்குனு பழைய எடத்துக்குக் குதிக்குது. பார்படோஸ்ல 1982லயே இத எழுதி வெச்சிருக்காங்க, நானும் படிச்சிருக்கேன், என் கல்லுல வந்தப்ப மட்டும் கண்ணு தெரியல. ஒலகத்து சேதின்னு நெனச்சது அந்தத் தெருவுல பேஞ்ச மழை.

கோட்டுல பேர் எழுதியிருக்காது மாப்ள, ஒரு குழி இன்னொரு குழி மாதிரியேதான் இருக்கும். பேர் சொல்ல ஆளு வேணும், அந்த ஆளுதான் ஆர்பிட்டோலினா, தரையோட கெடந்த ஒரு ஃபொராமினிஃபெரா, தட்டையான சீன தொப்பி மாதிரி ஒரு சில்லு, சில மில்லிமீட்டர்தான். பேலார்பிட்டோலினா லெண்டிகுலாரிஸ்னு ஒன்னு கெடச்சா நாம பாரேமியன் காலத்தோட கடைசிலயோ, அடுத்து வந்த ஆப்டியன் காலத்தோட ஆரம்பத்துலயோ, அதாவது அந்த 12 கோடி வருஷத்துக் கிட்ட, நிக்கிறோம்னு தைரியமா சொல்லலாம். ஆனா அடையாளம் இருக்குறது தொப்பியோட உச்சில, மொதல் அறைகள்ல. கல்லுல இருந்து பிரிக்க முடியாது, 0.03 மில்லிமீட்டருக்கு தேச்ச ஸ்லைடுல வெட்டு தற்செயலா உச்சி வழியா போயிருக்கணும். எனக்கு 40 ஸ்லைடுக்கு ரெண்டு தேறுச்சு. அந்த ரெண்ட வெச்சு கோட்ட மறுபடி பொருத்துனா நிஜமான ஏத்தம் இன்னும் 11 மீட்டர் மேல இருக்கு! இங்க இந்தப் பாறைலதான் எண்ணெயே நிக்குது, 11 மீட்டர்னா ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா? புது ரிப்போர்ட் குடுத்தேன், மொத பக்கத்துலயே என் தப்பையும் எழுதிட்டேன், மேனேஜர் ஒன்னும் சொல்லல, ஒரு டீ மட்டும் வாங்கிக் குடுத்தாரு.

ஆகஸ்ட்ல வர்றேன், அம்மாவுக்கு கண்ணு செக்கப் இருக்கு, திருச்சில பத்து நாள். உன் பொண்ணு நம்ம காரை அம்மோனைட்ட பேப்பர் வெயிட்டா வெச்சிருக்கான்னு சொன்னியே, அடில நான் வெள்ளை பெயிண்ட்ல ஒரு நம்பர் போட்டிருப்பேன், அது அழியாம இருக்கான்னு பாத்து போட்டோ அனுப்பு. நோட்டு என்கிட்டதான் இருக்கு.

உன்
மாப்ள