அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள கோத்தகிரி மக்களுக்கும், குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் காரியம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அம்மா சற்று முன்புதான் கண்ணயர்ந்தார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா சர்ஜனாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நோயாளிகளுக்கு முடி மழித்துவிடும் வேலை அவருக்கு. ஓய்வுக்குப் பிறகு மார்க்கெட் பக்கம் சின்ன சலூன் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் அண்ணன்; எனக்கும் தம்பிக்கும் அப்படித்தான்.

அப்பா படுக்கையோடு படுக்கையாக ஆன பிறகு ஒருநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே, பையோடு வந்து வாசலில் நின்றார். "ஐயாவைத் தாடியோட நான் பார்த்ததே இல்ல பாப்பா. கொஞ்சம் சுடுதண்ணி மட்டும் குடு" என்றார். அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். மழை கொட்டிய நாளிலும் வந்தார்.

சுடுதண்ணீர் என்பது அப்பா போட்ட சட்டம். ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. டிசம்பர் ராத்திரியில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆபரேஷனுக்குப் போகிறவரின் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையத் தாமதமாகும், புண் ஆறவும் நாளாகும் என்பார் அப்பா. இருளர், குறும்பர், பணியர் யாராவது வந்தால் இன்னும் கவனம். அரிவாள் அணு நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோய் இருப்பவர்களுக்குக் குளிரோ, நீர்ச்சத்துக் குறைவோ, ஆக்சிஜன் குறைவோ வந்தால் சிவப்பணுக்கள் வளைந்து ரத்தக் குழாயை அடைத்துவிடும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அப்பா கத்தியைத் தொடமாட்டார். கம்பளி, சுடுதண்ணீர்ப் பை எல்லாம் தயாராக இருக்கிறதா என்று தானே போய்த் தொட்டுப் பார்ப்பார். முடி மழிக்கும் தண்ணீரையும்தான். இத்தனை வருஷம் கழித்தும் அண்ணன் அதை மறக்கவில்லை. டம்ளரில் விரலை விட்டுப் பார்த்து, சூடு போதாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் மழித்துவிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடது கட்டைவிரலால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்வார். மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, உதட்டுக்கு மேல் இரண்டே இழுப்பு. குழாய் திரும்பவும் இடத்துக்குப் போய்விடும். கடைசியில் படிகாரம். வேலை முடியும் வரை பேசிக்கொண்டே இருப்பார். "பயப்படாதீங்க ஐயா, ஒண்ணுமில்ல, இதோ முடிஞ்சிருச்சு." ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நடுங்கிக்கொண்டு கிடந்தவர்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தபடி இருப்பார்.

ஒருநாள் முகத்தைத் துடைத்துவிட்டு அப்பாவின் கையை எடுத்துப் பார்த்தார். மாத்திரை, சாப்பாடு, ஆக்சிஜன் அளவு என்று வீடே ஓடிக்கொண்டிருந்த நேரம். அண்ணன் கண்ணில் நகம் பட்டது. "ஆபரேஷன் பண்ற கை. இவ்வளவு நகம் இருக்கலாமா ஐயா?" என்றார். பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டி, அரம் போட்டு, ஒவ்வொரு விரலாகச் சூடான துணியால் துடைத்துவிட்டார். அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, தையல் நூல் கொஞ்சம் வேண்டும் என்றார்.

கட்டில் கம்பியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் பொத்தான் தைப்பது அப்பாவின் வேலை. நாங்கள் யூனிஃபார்மோடு வரிசையில் நிற்போம். ஆபரேஷனில் தையல் போடுகிற மாதிரி ஒற்றைக் கையாலேயே முடிச்சைப் போட்டு இறுக்குவார். நாற்காலி முதுகில் நூலைக் கட்டி எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குக் கை நடுங்கியது, நூல் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது தடவை விழுந்த முடிச்சு, அவர் போடும் முடிச்சேதான். பேரனைக் கூப்பிட்டு, "இப்படி, இதைக் கீழே விடு" என்று சொல்லிக்கொடுத்தார். நோயாளியாகவே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அன்று சாயங்காலம் முழுக்க டாக்டராக, தாத்தாவாக இருந்தார். நகம் வெட்டியதால் கிடைத்த சாயங்காலம் அது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே.

காசை எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒரு டீ, அதுவும் சர்க்கரை கம்மியாக. கடைசி நாளிலும் அவரேதான் வந்து முகம் மழித்துவிட்டார்.

அப்பாவிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் அப்பாவின் பெயர் தெரியும். முந்தின ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாவுக்கு வந்த மரியாதையில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. அப்பா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

துக்கத்துக்கு வந்த ஓர் அம்மா தன் வலது கையை நீட்டிக் காட்டினார். தேயிலை ஃபேக்டரி ரோலரில் மாட்டிய கை. இரண்டு விரல் போய்விட்டது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்துக்கொண்டன. "இது ரெண்டும் இருந்தா கொழுந்து கிள்ளலாம்மா, கூலி வரும்னு சொல்லித்தான் டாக்டர் ராத்திரியெல்லாம் தைச்சார்" என்றார். கையை மரம் மட்டை போலப் பார்க்கத் தெரியாது அப்பாவுக்கு; அது என்ன வேலை செய்கிற கை என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். 2009 நவம்பரில் மலை முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, ரோடு இல்லாத அந்த நாட்களில் அவர் வீட்டுக்கே வரவில்லை. கோயம்புத்தூருக்கு இறக்கிக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே உயிர் போவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர் என்பதால், 2022-இல் ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது அன்றைய பேப்பரை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.

அப்புறம், நீங்கள் எல்லோரும். நடு ராத்திரியில் ஷட்டரைத் தூக்கி மருந்து கொடுத்தவர், சிலிண்டரைத் தோளில் சுமந்து படியேறிய ஜீப் டிரைவர்கள், டியூட்டி முடிந்தும் வந்து உட்கார்ந்திருந்த சிஸ்டர்கள், போனில் எந்த நேரத்திலும் பதில் சொன்ன அப்பாவின் மாணவர்கள், ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து வழிவிட்டவர்கள், அடுப்பு மூட்டவே விடாமல் மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டார், படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து திரண்டு வந்த பெரியவர்கள், எஸ்டேட் லைன்களிலிருந்து அரை நாள் கூலியை விட்டு வந்தவர்கள். பெயர் சொல்லிப் போனால் யாராவது விட்டுப்போகும். ஒவ்வொருவர் முகமும் நினைவிருக்கிறது. அம்மாவும் தம்பியும் நானும் கை கூப்புகிறோம்.

தம்பியும் நானும் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அப்பாவுக்காக வாங்கிய ஆக்சிஜன் இயந்திரம், சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில், காற்றுப் படுக்கை எல்லாம் சுத்தம் செய்து கீழ் அறையில் வைத்திருக்கிறோம். கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை, முன்பணம் எதுவும் வேண்டாம். தேவை முடிந்ததும் திருப்பித் தந்தால் அடுத்தவருக்குக் கொடுப்போம். பழுதானால் நாங்களே சரிசெய்கிறோம். வீட்டில் படுத்திருப்பவருக்கு முகம் மழிக்க, நகம் வெட்ட ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். அண்ணனிடம் கேட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சுடுதண்ணீர் மட்டும் தயாராக வைத்திருங்கள்.