பாதை என்றால் எது? விடுமுறைப் புகைப்படப் போட்டி பற்றிப் பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். முதலாம் தவணை விடுமுறைக்கு "பாதையும் பயணமும்" என்ற தலைப்பில் ஒரு புகைப்படப் போட்டி வைத்து, அரைப்பக்கத்தில் ஏழு விதிகளை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினோம். அரைப்பக்கம் போதும் என்று நினைத்தது என் தவறு. மறுநாள் காலையே அலுவலக வாசலில் மூன்று பேர் நின்றார்கள். அப்புறம் போன் அழைப்புகள், பிள்ளைகளின் கொப்பிக்குள் மடித்து வைத்த துண்டுக் கடிதங்கள். அவற்றில் ஒரு தகப்பனார் கேட்டது மட்டும் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

"சேர், எங்க தோட்டத்து டிவிஷனுக்கு ரோடே இல்ல. மழை பேஞ்சா லொறியும் வராது, அம்புலன்ஸும் வராது. என் மக எந்த ரோட்டப் போய்ப் படம் புடிக்கிறது?"

அவருக்கு நேரில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலாவது விதியில் நாங்கள் போட்ட சொல் "பாதை". "வீதி" என்று போடவில்லை. பேராதனையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, பதுளையைத் தாண்டிச் செங்கலடி வரை போகிற ஏ5 வீதியும் பாதைதான். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக மேலே வருகிற ஏ7 வீதியும் பாதைதான். அதே அளவுக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து நாம் குடியிருக்கும் லயத்துக்குத் தேயிலை நடுவே இறங்கும் ஒற்றையடியும் பாதைதான். கரத்தை ரோடு, குறுக்கு வழி, கோயில் படி, ஓடையைத் தாண்டப் போட்ட இரண்டு மரக்கட்டை, இவையும் அப்படியே. ஆள் நடந்து நடந்து புல் முளைக்காமல் போன இடம் எதுவானாலும் அதைப் பாதை என்று ஏற்றுக்கொள்வோம்.

ஆகவே அந்தத் தகப்பனாரின் மகள் யாரையும்விடப் பின்னால் நிற்கவில்லை. மலையகத்தின் பெரிய பாதைகள் முதலில் நமக்காகவா போடப்பட்டன? கொழும்பு–கண்டி வீதி 1820களில் வெட்டப்பட்டது. வெள்ளைக்காரரின் படை மேலே ஏறவேண்டும், பிற்பாடு கோப்பி கீழே இறங்கவேண்டும். அந்த வீதி வேலையைப் பார்த்த கப்டன் டோசனுக்கு 1832இல் கட்டிய நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்னும் நிற்கிறது. மண் வெட்டிக் கல் உடைத்தவர்களுக்கு அங்கே கோபுரம் இல்லை. ரயில் கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் பதுளைக்கு 1924இலும் வந்தது. அதுவும் சரக்குக்காகத்தான் வந்தது, நாம் பின்னால் ஏறிக்கொண்டோம். நம் முன்னோர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தபோது தார் ரோடு எங்கே இருந்தது? 2023இல், அவர்கள் வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்து போனதைப் பல பிள்ளைகள் செய்தியில் பார்த்திருப்பார்கள். ரோடு இல்லாத டிவிஷனில் சேறும் கால்தடமுமாகக் கிடக்கும் அந்த ஏற்றத்தை எடுத்து வரட்டும். அதைவிடத் தலைப்புக்குப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி இதற்கு நேர் எதிரானது. படத்தில் பாதை தெரியத்தான் வேண்டுமா?

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. போன வருஷம் இதே போட்டியை "நீர்" என்ற தலைப்பில் நடத்தினோம். தரம் 8 பிள்ளை ஒருத்தி, அம்மா வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தொங்கவிட்ட படங்கை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் விரிப்பை, படம் எடுத்துக் கொடுத்தாள். அதில் ஆறு இல்லை, தண்ணீர்ப் பீலி இல்லை. "தலைப்புக்குள் வரவில்லை" என்று நான்தான் தள்ளினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. விடுமுறை முடிந்து ஒரு மழைநாளில் பாடசாலைக்கு வரும்போது, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் இடுப்பில் அந்தப் படங்குகள் ஊறிக் கறுத்துப்போய் இருந்ததைப் பார்த்தேன். அவள் எடுத்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. விதியை எழுத்தெண்ணிப் படித்தால் வருகிற வினை இது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஆனால் போட்டி முடிந்துபோயிருந்தது.

அதனால் இந்தமுறை நடுவர்கள் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். யாரோ போகிறார்கள், போயிருக்கிறார்கள், அல்லது வரப்போகிறார்கள் என்பது படத்தைப் பார்த்தவுடன் தெரிகிறதா? தெரிந்தால் தலைப்புக்குள் வந்துவிட்டது. சித்திரை வருஷத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த அண்ணனின் பை வாசலில் கிடப்பது பயணம்தான். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு மேலே சிவன், புத்தர், மேரி மாதா மூவரும் வரிசையாக இருந்து வழி பார்ப்பதும் பயணம்தான். ஆனால் டவுனில் நிறுத்திவைத்த புது மோட்டார் சைக்கிளை நாலு பக்கமும் எடுத்து அதில் ஒன்றைக் கொடுத்தால் அது மோட்டார் சைக்கிள் படம், அவ்வளவுதான். (தரம் 10 ஆண்பிள்ளைகளின் பெற்றோர் இந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் நல்லது.)

ஒரு தாயார் கேட்டது இன்னும் சிக்கலானது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் ஏறிப்போன குடும்பங்களில் இவருடைய அம்மாயியின் அண்ணன் குடும்பமும் ஒன்று. கப்பலுக்குப் புறப்படும் முன் டவுனில் ஸ்டூடியோவில் எல்லோருமாக நின்று எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். திரும்பி வராத பயணம். அதைப் பிள்ளை போனில் எடுத்துப் போட்டிக்குக் கொடுக்கலாமா? படத்தை மாணவரே எடுத்திருக்கவேண்டும் என்கிறது மூன்றாவது விதி, விடுமுறைக்குள் எடுத்திருக்கவேண்டும் என்கிறது இரண்டாவது.

நானும் சித்திர ஆசிரியரும் இதை ஒரு முழு இடைவேளை பேசினோம். முடிவு இது: பழைய படம் மட்டும் ஓரத்துக்கு ஓரம் நிறைந்திருந்தால், அது அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்த படம். பிள்ளை செய்தது பிரதி மட்டுமே, ஏற்கமாட்டோம். அம்மாயி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் இருக்கிறார், அல்லது டிரங்குப் பெட்டியைத் திறந்து அதற்குள்ளிருந்து எடுக்கிறார் என்றால், அது இந்த ஏப்ரலில் பிள்ளை பார்த்த காட்சி. எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று தீர்மானித்தது பிள்ளை. தாராளமாகக் கொடுக்கலாம். பழைய பாஸ்போட், கடிதம், டிக்கட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பாஸ்போட்டாக இருந்தால் இலக்கமும் பிறந்த திகதியும் விலாசமும் விரலால் மறைந்திருக்கட்டும். படங்கள் மண்டபச் சுவரில் தொங்கப்போகின்றன, யார் யாரோ வந்து பார்ப்பார்கள்.

இதுவரை விட்டுக்கொடுத்தேன். ரயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

ரயிலை எடுக்கலாம். எங்கள் காலத்துப் பெரியவர்கள் கோச்சி என்று சொன்ன அந்த வண்டி இல்லாமல் மலையகத்தில் பயணம் என்று ஒரு தலைப்பே வைக்கமுடியாது. 1,898 மீற்றர் உயரத்தில் பனிக்குள் நிற்கும் பட்டிப்பொல நிலையம், நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து சுற்றிப்போகும் தெமோதர வளையம், 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலம் என்று எடுப்பதற்கு ஆயிரம் இருக்கிறது. ஆனால் பிள்ளை நிற்கும் இடம் நிலையத்து மேடையாகவோ, ரயில் பாதைக்கு வெளியே பாதுகாப்பான தூரமாகவோ, பெட்டிக்குள் ஆசனமாகவோ இருக்கவேண்டும். தண்டவாளத்தில் நின்று எடுத்த படம், பாலத்தின் மேல் நின்று எடுத்த படம், சுரங்க வாயிலில் எடுத்த படம், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு எடுத்த படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம்.

"எல்ல போகும் ரயிலில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் தொங்கிக்கொண்டுதானே எடுக்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை என்னிடமே கேட்டான். உண்மைதான், எடுக்கிறார்கள். விழுந்து செத்தும் இருக்கிறார்கள். வளைவில் பெட்டி சாயும்போது பக்கத்துப் பாறையும் மரக்கிளையும் எவ்வளவு கிட்ட வருகின்றன என்பது கெமராவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது.

"அது ரயில் ஓடாத தண்டவாளம்தானே" என்ற பதிலையும் எதிர்பார்க்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்ததும் மண் சரிந்ததும் நமக்குத் தெரியும். ரயில் வராத தண்டவாளத்தில் வேலை வண்டி வரும். அதைவிட, சரிந்த மண் ஒருமுறை சரிந்ததோடு ஆறிவிடுவதில்லை, ஒரு பெருமழைக்கு மறுபடி இறங்கும். மண்சரிவு இடங்களுக்குக் கெமராவோடு போகவே கூடாது. ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் இது பொதுவான விதி. வீட்டோடு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் நம் பாடசாலைப் பிள்ளைகளோடு படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் இடிந்த சுவர் இன்னொருவருக்குப் போட்டிப் படம் ஆகவேண்டாம்.

ரோட்டு ஓரத்தில் எடுப்பவர்கள் வளைவில் நிற்கவேண்டாம். றம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே திருப்புவது ஏனென்றால் அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது. தரம் 9க்குக் கீழே உள்ளவர்களோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போகவேண்டும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் யாருடையது என்பது எங்களுக்கு முக்கியமில்லை, அமுக்கிய விரல் பிள்ளையுடையதாக இருந்தால் போதும். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம். மின்கம்பியை அழிப்பது, வானத்தை மாற்றுவது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வரைந்து வாங்குவது கூடாது. போன் தானாகவே படத்தை மெருகேற்றிவிடுகிறதே என்றால், அது பிள்ளையின் பிழை இல்லை. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பவேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த திகதி, நேரம் போன்ற விவரங்களும் கழன்றுவிடும், அப்புறம் இரண்டாவது விதியை நாங்கள் எதை வைத்துச் சரிபார்ப்பது? போனையே கொண்டுவந்து காட்டுங்கள், அல்லது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

ஆறாவது விதியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. "ஆட்களை எடுத்தால் அனுமதி பெறவேண்டும்" என்று இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு பாதையில் இறங்கி வரும் நம் பெண்களை வேனை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் நெடுங்காலமாக வருகிறார்கள். பேர் கேட்டவர்கள் குறைவு. நம் பிள்ளையாவது "அக்கா, ஒரு படம் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும், எடுத்ததைக் காட்டட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். அம்மாவை எடுத்தாலும் கேட்கவேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் எல்லாத் தாய்மாரும் படத்துக்கு நிற்க விரும்புவதில்லை.

சித்திர ஆசிரியர் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொன்னார். பனிமூட்டத்தை எடுத்தால் போன் அதைச் சாம்பல் நிறமாகக் காட்டிவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே மேலே தள்ளினால் பனி வெள்ளையாக வரும். காலை பெரட்டு நேரத்து (வேலைக்கு ஆள் கூடும் நேரத்து) வெளிச்சம் பாதைக்கு நல்லதாம், சாய்ந்து விழும் வெயிலில் கால்தடம்கூடத் தெரியுமாம். அவர் சொல்வதை நான் சோதித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு ஒரு படம். கூடவே அது எந்தப் பாதை, யார் போகிற பாதை என்று இரண்டு வரி, சொந்தக் கையெழுத்தில். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கமாட்டோம். இரண்டாம் தவணை தொடங்கி முதல் வாரத்துக்குள் அலுவலகத்தில் தரவேண்டும். பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை, புத்தகங்கள்தான்.

வீட்டில் கெமரா போன் இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடசாலையின் பழைய கெமரா ஒன்றை ஆளுக்கு இரண்டு நாள் என்று கொடுக்கிறோம். இப்போதைக்கு நாலு பேர் பதிந்திருக்கிறார்கள், ரோடு இல்லாத டிவிஷன் பிள்ளைதான் பட்டியலில் முதலாவது. வாங்கிப்போகும் பெற்றோர் அலுவலகப் புத்தகத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். திருப்பித் தரும்போது தயவுசெய்து சார்ஜரையும் சேர்த்துத் தாருங்கள், போன வருஷம் அதற்காக மூன்று லயம் ஏறி இறங்கினேன்.

இப்படிக்கு,
அதிபர்