சங்கத் தலைவரின் கொப்பி பொதுச்சபைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பின் தென்பகுதியில் இருக்கிற எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் அண்மையில் ஒரு கிழமை முழுக்கக் காரியாலயத்தில் இருக்கவில்லை. முதியோர் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் நிலையம், பால் சேகரிக்கும் இடம், அரிசி ஆலை, கைத்தறிக் கொட்டில், மீன் வாடி என்று போய்வந்தார். கமராக்காரர் யாரும் கூடப் போகவில்லை. பொன்னாடை, நிவாரணப் பொதி எதுவும் இல்லை. ஒரு கொப்பியும் பேனையும்தான் கையில் இருந்தன. ஒவ்வொரு கிளைக் குழுவிலிருந்தும் யாராவது கூட வரும்படி சொல்லியிருந்தார். எங்கள் கிளைக்காக நானும் சில இடங்களுக்குப் போனேன். நல்ல காரியம் செய்தார் என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் அவர் எழுதிக்கொண்டுவந்த கொப்பி இன்று காரியாலய அலுமாரிக்குள் இருக்கிறது. அது வெளியே வரவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதியோர் இல்லத்தில் கேட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமையலுக்குப் பொறுப்பான அம்மாவிடம், என்ன தேவை என்று தலைவர் கேட்டார். அவர் உடனே வாய் திறக்கவில்லை. அடுப்படிக்குள் போய்வந்து, மறுகாதான் சொன்னார்: “சோறு கறிக்குக் குறையில்ல மகன். பிறந்தநாள், ஆண்டுத் திவசம் எண்டு ஆக்கள் தாறாங்க. ஒரே நாளைக்கு மூணு பேர் பகல் சாப்பாடு கொண்டு வருவாங்க, மற்றக் கிழமை ஒருத்தரும் வரமாட்டாங்க. துவாய், சவுக்காரம், படுக்கையில கிடக்கிறவங்களுக்குப் பம்பேர்ஸ், இதுகள ஆரும் நினைக்கிறல்ல.”

பொருள் அறையைப் போய்ப் பார்த்தோம். அரிசி மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன, சிலதில் வண்டு விழுந்திருந்தது. பெரியவர்களுக்கான பம்பேர்ஸை மட்டும் டவுன் பாமசியில் சில்லறை விலைக்கு வாங்குகிறார்கள், அதுவும் கையில் காசு இருக்கிற நாளில். கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் திவசத்துக்கு நாலு பேருக்குச் சோறு போடவேண்டும் என்று நினைப்பது எங்கள் ஊர் மனம். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளும் அதற்காகத்தான் காசு அனுப்புகிறார்கள். கொடுக்கிறவருக்கும் இல்லத்துக்கும் நடுவில் நின்று கணக்கு வைக்க ஒருவர் இல்லாததுதான் பிரச்சினை.

அந்த வேலைக்குச் சங்கக்கடையை விடப் பொருத்தமான இடம் எது? சாப்பாடு கொடுக்க நினைக்கிறவர் அந்தக் காசை எந்தக் கிளையிலும் கட்டி ரசீது எடுக்கட்டும். இல்லத்தின் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கட்டும். இல்லம் தனக்கு எது வேண்டுமோ அதை, வேண்டிய நாளில், சங்கம் மொத்தமாக வாங்கும் விலைக்கே எடுக்கட்டும். மாத முடிவில், ‘உங்கள் தகப்பனாரின் பெயரில் இன்ன இன்ன சாமான் போனது’ என்று கொடுத்தவருக்கு ஒரு துண்டு அனுப்பலாம். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். திவச நாளில் அவர் இல்லத்துக்குப் போய் வயதானவர்களோடு இருந்து சாப்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. சங்கத்தின் கணக்கைக் கூட்டுறவுத் திணைக்களம் எப்படியும் பரிசோதிக்கிறது என்பதால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது வாகனமும் வேண்டாம்.

சங்கம் அன்பளிப்புக் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடா வருடம் யூலை முதற் சனிக்கிழமை, சர்வதேசக் கூட்டுறவு தினத்தன்று, பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2012 ஐயும் பிறகு 2025 ஐயும் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அப்போதும் பதாகை கட்டி விழா எடுத்தோம். ஆனால் சங்கத்தின் உண்மையான பலம் கொள்முதலிலும் விற்பனையிலும் கணக்கிலும்தான் இருக்கிறது. 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 பேர் சேர்ந்து கடை திறந்தபோது வெண்ணெய், சீனி, மா, மெழுகுதிரி போன்ற கொஞ்சச் சாமானைத்தான் வைத்திருந்தார்கள். கலப்படம் இல்லை, நிறை சரி என்பதற்காகவே சனம் அவர்களைத் தேடி வந்தது. பிற்காலத்தில் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கு ஒதுக்கினார்கள். முதலில் நல்ல வியாபாரம், அதன் இலாபத்திலிருந்து ஊருக்கு நன்மை என்பது அவர்களுடைய வழி. 1995 இல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளில் கடைசியானது சமூகத்தின் மீதான அக்கறை. தலைவரின் அந்தக் கிழமை அதற்குள் வரும். அதே பட்டியலில் இரண்டாவது, உறுப்பினர்களின் சனநாயகக் கட்டுப்பாடு. கொப்பியைப் பொதுச்சபைக்குக் கொண்டுவரச் சொல்வது இந்த இரண்டாவதை நம்பித்தான்.

ஒரு தலைவர் ஊரைப் பார்க்கப் போவதே செய்தியாகிற அளவுக்கு நிலைமை ஏன் வந்தது? இலங்கையில் 1911 இல் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்த காலத்தில் கடன் சங்கங்கள் சின்னவை. தலைவரும் உறுப்பினரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். 1957 இல் பலநோக்குச் சங்கங்கள் தொடங்கின. 1970களின் ஆரம்பத்தில் சின்னச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய சங்கங்களும் அவற்றுக்குக் கிளைகளும் ஆக்கினார்கள். கொள்முதலுக்கு அது வசதிதான். ஆனால் உறுப்பினருக்கும் தலைவருக்கும் நடுவில் கிளை முகாமையாளர், கிளைக் குழு, பிரதிநிதி, பணிப்பாளர் சபை என்று படிகள் கூடிவிட்டன. அப்புறம் யுத்த காலம் முழுக்க உலர் உணவு நிவாரணம் சங்கக்கடை வழியாகத்தான் வந்தது. அட்டையைக் காட்டிச் சாமான் வாங்கிய எத்தனையோ குடும்பங்களுக்குச் சங்கம் என்றால் அரசாங்கம் தருகிற இடம் என்றே மனதில் பதிந்துவிட்டது. தாங்கள் பங்குப்பணம் கட்டிய கடை என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. என் வயதுக்காரர்களிடமும் இதைக் காண்கிறேன். கவலையாக இருக்கிறது.

மற்ற இடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பெரியகல்லாறு தாண்டினால் முஸ்லிம் ஊரான மருதமுனை அதிக தூரமில்லை. அங்கே ஒரு கைத்தறிக் கொட்டிலில், நூலைக் கடனுக்குத் தருகிறவரே துணியையும் வாங்கிக்கொள்கிறார், விலையையும் அவரே சொல்கிறார் என்றார் நெசவு செய்கிற ஒரு சகோதரர். எங்கள் கிளைகளில் சாரம் விற்கிறோம், வெளி மாவட்டத்து மொத்த வியாபாரியிடம் வாங்கி. மருதமுனைச் சாரத்தை நேரே வாங்கி வைப்பதற்கு என்ன தடை? தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கிற இந்தக் கரையில், கசப்பான காலங்களில் முதலில் நின்றுபோனது கொடுக்கல் வாங்கல்தான். அதைத் திரும்பப் பிடிக்கச் சங்கத்தால் முடியும். தலைவரும் அங்கே இருந்து நெடுநேரம் பேசினார், தேநீர் குடித்தார், நூல் விலை, சாய விலை எல்லாம் கேட்டு எழுதினார்.

அரிசி ஆலையில் உமித் தூசிக்குள் நின்று வேலை செய்கிற பெண்களிடம் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டார். சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்காக 12, இரண்டும் சேர்த்துக் கட்டப்பட வேண்டும். நாட்கூலி என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. அந்தப் பெண்களில் இளையவள் ஒருத்தி, “உங்கட சங்கத்தில நாட்சம்பளத்துக்கு நிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுறீங்களா சேர்?” என்று திருப்பிக் கேட்டாள். தலைவருக்கு முகம் மாறவில்லை. “பார்த்துச் சொல்றன் பிள்ளை” என்று சொல்லி அந்தக் கேள்வியை அவளுக்கு முன்னாலேயே எழுதினார். அந்தக் கிழமையில் நான் கேட்ட கேள்விகளில் மிகப் பெறுமதியானது அதுதான். அதற்குப் பணிப்பாளர் சபை எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே தலைவரிடம் நான் கேட்பது இவை. கொப்பியில் உள்ளதை, ஆட்களின் பெயரை விட்டுவிட்டு, எல்லாக் கிளைகளின் அறிவித்தல் பலகையிலும் போடுங்கள். முதியோர் இல்லக் கணக்கை ஒரு கிளையில் ஆறு மாதத்துக்கு நடத்திப் பாருங்கள், சரிவந்தால் மற்றக் கிளைகளுக்கும் கொண்டுபோகலாம். அடுத்த வருடமும் இப்படி ஒரு கிழமை வெளியே போங்கள். அப்போது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையின் உள்ளூர்களுக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். இந்தத் தடவை அங்கே பால் சேகரிக்கும் இடத்தோடு திரும்பிவிட்டீர்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகும் அந்தப் பக்கம் போகத் தூரம் என்று சொல்வது பொருந்தாது.

பொதுச்சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி எங்கள் கிளைக் குழு தீர்மானம் எடுத்து அனுப்பிவிட்டது. உங்கள் பத்திரிகையை வாசிக்கிற மற்றக் கிளைக் குழு உறுப்பினர்களும் நிரல் அச்சாகும் முன் தங்கள் தீர்மானத்தைப் பொது முகாமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளைக் குழு உறுப்பினர் ஒருவர்,
மட்டக்களப்பு.