கூடுதல் வகுப்பு வேண்டாம், கூடிப் படிக்க வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலாவது வருடம் ஆராய்ச்சி, அதற்கு ஒரு வழிகாட்டி என்று நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் இடுக்கி மாவட்டத்தில் எங்கள் பீருமேடு தாலுகாவிலிருந்து அறிவியல் சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் அந்த நாலாவது வருடத்தை எட்டுவதே இல்லை. முதல் இரண்டு செமஸ்டரிலேயே மனம் விட்டுப்போய்ப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

நான் இங்கே தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்தவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து) வந்தவர்கள். பத்து வரை தமிழ், பிளஸ் டூவில் ஆங்கிலம், கல்லூரியில் போய் உட்கார்ந்தால் சுற்றிலும் மலையாளம். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பேசுகிற அளவுக்கு மலையாளம் நம் பிள்ளைகளுக்கு வரும். வகுப்பே திரும்பிப் பார்க்க, எழுந்து நின்று சந்தேகம் கேட்கிற அளவுக்கு வராது.

ஓணம் விடுமுறையில் வந்த ஒரு பழைய மாணவியிடம் கெமிஸ்ட்ரி லேப் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். "மூணு பேருக்கு ஒரு டேபிள், டீச்சர். ஒருத்தி பியூரெட்டைத் திறப்பா, இன்னொருத்தி ஃப்ளாஸ்க்கை ஆட்டுவா, நான் ரீடிங் எழுதுவேன்" என்றாள். எப்பவும் நீதான் எழுதுவாயா என்றதற்கு, "என் கையெழுத்து நல்லா இருக்காம்" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. ரெக்கார்டிலும் மதிப்பெண் வந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் தனியாக நின்றபோதுதான் கை நடுங்கியிருக்கிறது. பியூரெட்டிலிருந்து விழும் எந்தச் சொட்டில் ஃப்ளாஸ்க்கில் நிறம் மாறுகிறது என்பது கையும் கண்ணும் பழகினால்தானே பிடிபடும்?

கல்லூரிகளில் வழிகாட்டும் ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்பதால் மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) பட்டியல் எல்லா இடத்திலும் இருக்கிறது. கேரள அரசே 'வாக் வித் எ ஸ்காலர்' என்று முன்னணி மாணவர்களுக்கு ஒரு திட்டமும், 'ஸ்காலர் சப்போர்ட்' என்று பின்தங்குபவர்களுக்கு ஒரு திட்டமும் நடத்துகிறது. நோக்கம் நல்லதுதான். எங்கள் பிள்ளைகள் போய்ச் சேர்வது இரண்டாவதில். அங்கே நடப்பது என்ன? அதே பாடம், இன்னும் மெதுவாக, வகுப்பு முடிந்த பிறகு. லயத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு எந்தப் பெண் உட்காருவாள்?

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர் கிட்டத்தட்ட இதே சிக்கலை ஆராய்ந்தார். கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டபோது, ஆர்வம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை என்றார்கள். மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. அவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள், தனியாகப் போட்டுப் பார்த்த கணக்குகளைப் பிறகு கூடி உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார்கள். கூட்டத்தில் யாருக்குமே வராத கணக்கு என்றால் கணக்கே கடினம் என்று தெரிந்துபோகும். தனியாக இருப்பவர் தனக்குத்தான் மூளை போதாது என்று நினைத்துக்கொள்வார்.

டிரைஸ்மன் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாடத்தை எளிதாக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். 'நீங்கள் பலவீனமானவர்கள், வாருங்கள்' என்று கூப்பிடாமல், நன்றாகப் படிப்பவர்களுக்கான அமர்வு என்றே அழைத்தார். தோற்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இந்த வழிதான். முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் ஒன்றாகத் தங்கிப் படிப்பு, குழுவாகப் பாடம், சீக்கிரமே ஆய்வுக்கூட வேலை. பின்னாளில் பென் ஸ்டேட், வட கரோலினா பல்கலைக்கழகங்களும் இதைப் பின்பற்றின.

அமெரிக்கா எதற்கு, எங்கள் பீருமேட்டில் 1918இல் பிறந்த இயற்பியலாளர் அன்னா மாணியைப் பாருங்கள். வசதியான வீட்டுப் பெண், லயத்துப் பிள்ளை அல்ல என்பது உண்மை. பெங்களூரில் சி.வி. ராமன் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் நிறமாலையைப் படமெடுக்க, ஒவ்வொரு ஒளிப்படத் தட்டுக்கும் 15, 20 மணி நேரம்கூடக் காத்திருந்து தன் கையாலேயே வேலை செய்தவர். அந்தக் கைதான் பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவிகளை வடிவமைத்தது. 1945இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கு, எம்.எஸ்சி. இல்லை என்று காரணம் காட்டி சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. வசதி இருந்தவருக்கே இந்தக் கதி.

எங்கள் மலையின் கல்லூரிகள் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அவர்களிடம் கேட்பது இதுதான். கூடிப் படிக்கும் நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே வையுங்கள், கடைசி பஸ்ஸோடு மோத விடாதீர்கள். லேப் டேபிளில் வாராவாரம் வேலை மாறட்டும், கருவியைத் தொடாமல் ஒருவரும் ரெக்கார்டு எழுதக் கூடாது. வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் பணி நேரமாகக் கணக்கிடுங்கள், கையெழுத்து வாங்கும் நோட்டோடு அது முடிந்துவிடக் கூடாது. தோட்டத்திலிருந்தே வந்து மூன்றாம் வருடம் படிக்கும் அக்கா, அண்ணன்மாருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து முதல் வருடப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

அப்புறம், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் முகாம் நடத்த ஏதாவது கல்லூரி முன்வந்தால், தமிழில் எடுத்துச் சொல்ல என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறோம். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் திறந்த லேபும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்